பிரஷர் மாத்திரையும் மாலை நேரக் கால் வீக்கமும்

கேள்வி: எனக்கு வயது 58. ஜவுளிக்கடையில் விற்பனையாளராக இருக்கிறேன். காலை பத்து மணி முதல் இரவு ஒன்பது வரை பெரும்பாலும் நின்றபடியேதான் வேலை. ரத்த அழுத்தத்துக்கு நான்கு வருடங்களாக அம்லோடிபின் 5 மி.கி. சாப்பிட்டு வந்தேன். மூன்று மாதங்களுக்கு முன் அதை 10 மி.கி. ஆக்கினார்கள். இப்போது அழுத்தம் 130/80. ஆனால் மாலையானால் இரண்டு கணுக்கால்களும் வீங்கிவிடுகின்றன. விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. காலையில் வற்றிவிடுகிறது. இடது காலில் நரம்பு சுருண்டு தெரிகிறது. பிராஸ்டேட்டுக்காக இரவில் டாம்சுலோசின் சாப்பிடுகிறேன். நள்ளிரவில் சிறுநீர் கழிக்க எழுந்தால் தலை கிறுகிறுக்கிறது. முழங்கால் வலிக்கு அவ்வப்போது கடையில் வாங்கும் வலி மாத்திரையும் உண்டு. சர்க்கரை இல்லை. ரத்தக்குழாயில் அடைப்பு, அதனால்தான் ரத்தம் காலிலேயே தங்கிவிடுகிறது என்கிறார் மைத்துனர். சிறுநீரகம் கெட்டுவிட்டதோ என்று மனைவிக்குப் பயம். மருந்துக்கடையில் கொடுத்த நீர் மாத்திரையால் பலனில்லை. பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடலாமா? வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைக்கலாமா?

பதில்: மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். முதலில் உங்கள் மைத்துனரின் சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியில் அடைப்பு ஏற்பட்டால் கால் பொதுவாக வீங்காது. சில்லிட்டுப் போகும், நடந்தால் கெண்டைச்சதை வலிக்கும், நின்றால் வலி விடும், விரல் நுனியில் வந்த புண் ஆறாது. ரத்தத்தைத் திருப்பி அனுப்பும் சிரைக்குள் ரத்தம் உறைந்து அடைத்தால் வீக்கம் வரும். ஆனால் அது பெரும்பாலும் ஒரே காலில், ஓரிரு நாட்களுக்குள், வலியோடு வரும். உங்களுக்கோ இரண்டு கால்களும் சமமாக வீங்கி இரவில் வற்றுகின்றன. மருந்தின் அளவு இரட்டிப்பான பிறகு இது தொடங்கியிருக்கிறது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது அடைப்பின் வேலையாகத் தெரியவில்லை. ரத்தக்குழாய்கள் தேவைக்கு மேல் திறந்துகொண்டதன் விளைவாகவே தெரிகிறது.

இதைப் புரிந்துகொள்ள ரத்தக்குழாயின் சுவரைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். தமனியானாலும் சிரையானாலும் சுவரில் மூன்று அடுக்குகள் உண்டு. உட்புறம் ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு மெல்லிய படலம். நடுவில் தசையும் மீள்தன்மையுள்ள இழைகளும். வெளியே இழைகளால் ஆன உறை. எந்த அடுக்கு எவ்வளவு தடிமன் என்பதில்தான் ஒவ்வொரு குழாயின் குணமும் இருக்கிறது. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் விட்டம் சுமார் இரண்டரை செ.மீ. அதன் நடு அடுக்கில் மீள் இழைகள் மிக அதிகம். இதயம் சுருங்கும்போது அது விரிந்து ரத்தத்தை வாங்கிக்கொள்கிறது. இதயம் ஓய்வெடுக்கும் நேரத்தில் சுருங்கி அந்த ரத்தத்தை முன்னே தள்ளுகிறது. இதயம் விட்டு விட்டுத் துடித்தாலும் ரத்தம் நிற்காமல் ஓடுவது இதனால்தான். வயதாக ஆக இந்த இழைகள் விறைத்துப்போகின்றன. நடுத்தர வயதைத் தாண்டியவர்களுக்கு மேல் அழுத்தம் மட்டும் தனியாக ஏறுவதற்கு இது முக்கியமான காரணம்.

உங்கள் கேள்விக்கான விடை பெருந்தமனியில் இல்லை. கிளை கிளையாகப் பிரிந்து கடைசியில் வரும் நுண்தமனிகளில் இருக்கிறது. ஒரு மி.மீ.யில் பத்தில் ஒரு பங்கும் இல்லாத இவற்றின் சுவரில் மீள் இழைகள் குறைவு, வளையம் வளையமாகத் தசைதான் அதிகம். பெரிய தமனிகளில் சராசரியாக 95 மி.மீ. பாதரசம் என்ற அளவில் இருக்கும் அழுத்தம், இவற்றைக் கடந்து தந்துகிகள் என்ற மிக நுண்ணிய குழாய்களுக்குள் நுழையும்போது ஏறக்குறைய 35க்கு இறங்கிவிடுகிறது. உடலில் வேறெங்கும் இவ்வளவு பெரிய இறக்கம் கிடையாது. ஒரு வாய்க்காலில் வரும் நீரை எந்த வயலுக்கு எவ்வளவு விடுவது என்று மடைகள் தீர்மானிப்பதைப் போல, இதயம் நிமிடத்துக்கு அனுப்பும் ஐந்து லிட்டர் ரத்தத்தை எந்த உறுப்புக்கு எவ்வளவு என்று இவைதான் பங்கிடுகின்றன. சாப்பிட்டதும் குடலுக்கும், படியேறும்போது தொடைத்தசைக்கும், வெயிலில் தோலுக்கும் பங்கு கூடுகிறது. நுண்தமனி கொஞ்சம் சுருங்கினாலே ஓட்டம் வெகுவாகக் குறைந்துவிடும். குழாயின் ஆரம் பாதியானால் அதே அழுத்தத்தில் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகும் என்ற கணக்கை 1840களில் தந்தவர் பிரெஞ்சு மருத்துவர் புவாசே. அவர் சோதனை செய்தது கண்ணாடிக் குழாய்களில். உயிருள்ள குழாய்க்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது என்றாலும், ஒரு சிறிய மாத்திரை அழுத்தத்தை ஏன் இவ்வளவு மாற்றுகிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

இந்தத் தசைக்குக் கட்டளை பல இடங்களிலிருந்து வருகிறது. வேலை செய்யும் உறுப்பில் ஆக்சிஜன் குறைந்து கரியமில வாயு கூடினால், மூளையின் உத்தரவுக்குக் காத்திராமல் அங்குள்ள நுண்தமனிகள் தாமே விரிகின்றன. அடுத்தது உட்படலம். அதை வெறும் பூச்சு என்றுதான் வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். 1980இல் அமெரிக்காவில் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் பெருந்தமனித் துண்டுகளை வைத்துச் சோதித்தபோது ஒன்றைக் கண்டார். அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால், உட்படலம் கெடாத துண்டுகள் தளர்ந்தன. தயாரிக்கும்போது உட்புறம் உரசிப் படலம் போய்விட்ட துண்டுகள் தளரவில்லை. அந்தப் படலம் தசைக்கு ஏதோ சேதி அனுப்புகிறது என்று இதனால் தெரிந்தது. சேதியைக் கொண்டுசெல்வது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்று பின்னால் உறுதியாயிற்று. 1998இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. புகையிலையும் கட்டுப்படாத சர்க்கரையும் முதலில் கெடுப்பது இந்தப் படலத்தைத்தான். நடைப்பயிற்சி ஏன் நல்லது என்று கேட்பவர்களுக்கு நான் எடையைப் பற்றிப் பேசுவதில்லை. ரத்தம் வேகமாக ஓடி உரசினால் இந்தப் படலம் நைட்ரிக் ஆக்சைடை அதிகம் சுரக்கும், அதைத்தான் சொல்கிறேன்.

மூன்றாவது கட்டளை நரம்புகளிடமிருந்தும் ஹார்மோன்களிடமிருந்தும் வருகிறது. அதைக் கிறுகிறுப்பைப் பற்றிச் சொல்லும்போது பார்க்கலாம்.

தசை சுருங்க அதன் செல்லுக்குள் கால்சியம் நுழைய வேண்டும். அம்லோடிபின் அந்த வாயிலை அடைக்கிறது. எலும்புக்காகச் சாப்பிடும் கால்சியத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, பயந்து அதை நிறுத்திவிட வேண்டாம். நுண்தமனி தளர்ந்ததும் ரத்த அழுத்தம் இறங்குகிறது. நல்லதுதான். ஆனால் இந்த மருந்து சிரைகளை அந்த அளவுக்குத் தளர்த்துவதில்லை. தந்துகிக்குள் ரத்தம் தாராளமாக வருகிறது, வெளியேறும் வழி மட்டும் பழையபடியே இருக்கிறது. தந்துகியின் சுவரோ உட்படலச் செல் ஒன்றின் கனம்தான். சிவப்பணுக்கள் வரிசையாக நெருக்கிக்கொண்டு போகுமளவுக்குக் குறுகியது. உள்ளே அழுத்தம் கூடினால் நீர் கசிந்து திசுக்களுக்குள் இறங்கும். சாதாரணமாகக் கசியும் நீரை நிணநீர்க்குழாய்கள் திரட்டி மறுபடியும் ரத்தத்தில் சேர்த்துவிடும். கசிவு மிஞ்சினால் அவற்றாலும் முடியாது. உங்கள் கணுக்காலில் குழி விழுவது இந்த நீரினால்தான். நாம் எழுந்து நிற்கும்போது காலின் நுண்தமனிகள் தாமாகவே சுருங்கித் தந்துகியைக் காப்பாற்றும் ஏற்பாடு ஒன்றும் உண்டு. அதையும் இந்த மருந்து மழுங்கடிக்கிறது.

இது அரிதான ஒன்றல்ல. மருந்து ஒப்புதலுக்கான ஆய்வுகளில் 5 மி.கி. சாப்பிட்டவர்களில் 3 சதவீதம் பேருக்கும், 10 மி.கி. சாப்பிட்டவர்களில் சுமார் 11 சதவீதம் பேருக்கும் வீக்கம் வந்தது. அளவைக் கூட்டிய பிறகு உங்களுக்கு வந்ததில் ஆச்சரியமில்லை. நீர் மாத்திரை ஏன் உதவவில்லை என்பதும் இப்போது புரிந்திருக்கும். உடலில் நீர் கூடிப்போகவில்லை, இருக்கும் நீர்தான் இடம் மாறியிருக்கிறது. ஒரு மாத்திரையின் பக்கவிளைவுக்கு இன்னொரு மாத்திரை என்று மருந்துக்கடை மேசையில் தீர்மானமாவது எனக்கு எரிச்சலூட்டும் வழக்கம்.

மாத்திரைக்கு மேல் உங்கள் வேலையும் சேர்ந்துகொள்கிறது. நீங்கள் நரம்பு என்று எழுதியிருப்பது சிரை. உடலிலுள்ள ரத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எந்த நேரமும் சிரைகளில்தான் இருக்கிறது. மெல்லிய சுவர், குறைந்த தசை, எளிதில் விரியும் இயல்பு. காலிலிருந்து ரத்தம் மேலேறக் கெண்டைச்சதை சுருங்கிப் பிழிய வேண்டும். ஏறிய ரத்தம் திரும்ப இறங்காதபடி சிரைக்குள் இருக்கும் வால்வுகள் தடுக்கின்றன. அசையாமல் நிற்பவரின் பாதத்துச் சிரையில் அழுத்தம் 90 மி.மீ. அளவுக்குப் போகும். நடக்கத் தொடங்கினால் அது 30க்கும் கீழே இறங்கிவிடும். பத்து மணி நேரம் நின்றபடி புடவை பிரித்துக் காட்டுபவரின் வால்வுகள் வருடக்கணக்கில் இந்தப் பாரத்தைத் தாங்கித் தளர்ந்துபோகின்றன. இடது காலில் சிரை சுருண்டிருப்பது அதன் அடையாளம். தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இலேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. கேரளத்தில் 2018இல் வந்தது. முதலாளியிடம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்காருங்கள். நிற்கும்போது குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்குங்கள்.

இனிக் கிறுகிறுப்பு. இதை வீக்கத்தைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இருட்டில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வது இப்படித்தான். படுத்திருப்பவர் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கும் அதிகமான ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியின் வளைவிலும் உள்ள உணரிகள் இதை நொடிகளில் கண்டுபிடித்து மூளையின் அடித்தண்டுக்குச் சொல்கின்றன. அங்கிருந்து கிளம்பும் ஆணை இதயத்துடிப்பைக் கூட்டுகிறது, பரிவு நரம்புகள் வழியாக நுண்தமனிகளையும் சிரைகளையும் சுருங்க வைக்கிறது. அந்த ஆணையை வாங்கிக்கொள்ளும் ஆல்ஃபா ஏற்பிகளைத் தடுக்கும் மருந்து வகையைச் சேர்ந்ததுதான் டாம்சுலோசின். பிராஸ்டேட்டை நோக்கியே அது வேலை செய்தாலும், ரத்தக்குழாய்களையும் கொஞ்சம் தொடும். ஏற்கெனவே அம்லோடிபினால் தளர்ந்திருக்கும் குழாய்கள், சுருங்கு என்ற உத்தரவைப் பாதிதான் கேட்கின்றன. நீர் மாத்திரையும் சேர்ந்தால் நிலைமை மோசமாகும். வீட்டில் அழுத்தமானி இருந்தால், ஐந்து நிமிடம் படுத்திருந்து ஒருமுறையும், எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறையும் பாருங்கள். மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 இறங்கினால் அந்தக் கணக்கைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரவில் எழும்போது கட்டிலின் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து காலை ஆட்டிவிட்டு எழுங்கள். கழிப்பறையிலும் உட்கார்ந்தே சிறுநீர் கழியுங்கள்.

உங்கள் மருத்துவரிடம் இந்த வாரமே போங்கள். அம்லோடிபினை மறுபடியும் 5 மி.கி. ஆக்கி, டெல்மிசார்டன் அல்லது ராமிப்ரில் போன்ற ஒன்றைச் சேர்ப்பது வழக்கமான தீர்வு. இவை சிரைப் பக்கத்தையும் தளர்த்துவதால் வீக்கம் குறையும், அழுத்தமும் கட்டுக்குள் இருக்கும். அம்லோடிபின் வகையையே சேர்ந்த சில்னிடிபின் என்ற மருந்துக்கு மாற்றுவது இன்னொரு வழி. எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை அவர் முடிவு செய்யட்டும். மனைவியின் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியேட்டினின், பொட்டாசியம், அல்புமின் பார்த்துவிட்டால் தெளிவு கிடைக்கும், புது மருந்து தொடங்குவதற்கும் அந்த அளவுகள் தேவை. தைராய்டு பரிசோதனையும் ஈ.சி.ஜி.யும் எடுத்துக்கொள்ளலாம். காலையில் முகம் வீங்கினால், சிறுநீர் நுரைத்தால், படுத்தால் மூச்சு முட்டினால், ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் நாள் கடத்தக் கூடாது. நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் நேராக மருத்துவமனைக்குத்தான்.

கடையில் வாங்கும் வலி மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். டைக்ளோஃபெனாக் போன்றவை உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, அழுத்தத்தைக் கூட்டி, வீக்கத்தையும் வளர்க்கும். உங்கள் மருந்து 5 மி.கி.யிலிருந்து 10க்குப் போனதற்கே அது காரணமாக இருந்திருக்கலாம். டெல்மிசார்டன், நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் ஒன்றுசேர்ந்தால் சிறுநீரகத்துக்கு உண்மையிலேயே ஆபத்து. முழங்காலுக்குப் பாராசிட்டமாலும் தொடைத்தசைப் பயிற்சியும் போதுமா என்று கேளுங்கள்.

அழுத்தக் காலுறை சிரைக்கு உதவும். ஆனால் வாங்குமுன் பாதத்தில் நாடி நன்றாகத் துடிக்கிறதா என்று மருத்துவர் தொட்டுப் பார்க்க வேண்டும். தமனி ஓட்டம் குறைந்த காலில் இறுக்கமான காலுறை தீங்கு செய்யும். இரவில் காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்துத் தூங்கலாம்.

வெந்நீர் வேண்டாம். சூடு பட்டால் தோலின் நுண்தமனிகள் இன்னும் விரியும், தந்துகிக்குள் இன்னும் ரத்தம் பாயும், வீக்கம் கூடும். அதில் போடும் உப்பு தோல் வழியாக நீரை இழுத்துவிடாது. ஊறுகாயிலும் அப்பளத்திலும் இருக்கும் உப்பைக் குறைத்தால் பலன் உண்டு.