மூஸ் ஃபாக்டரியில நேர்ஸ் வேலை, போகலாமா?

தங்கச்சி, கனடாவில, ஒன்ராறியோவின்ர வடக்கில இருக்கிற மூஸ் ஃபாக்டரித் தீவு ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சிருக்கு, அந்தக் குளிரைத் தாங்கேலுமோ எண்டு கேட்டிருந்தீங்கள். குளிருக்கு உடுப்பு இருக்கு, அதை விடுங்கோ.

கொக்ரேன் ஊரில போலார் பெயார் எக்ஸ்பிரஸ் ரயில் ஏறினா அஞ்சு மணித்தியாலத்தில மூசனி எண்ட ஊர். வருசம் முழுக்க ஓடுற றோட்டு இல்லை. பிறகு தீவுக்குப் போக மூஸ் ஆத்தைக் கடக்கவேணும். கோடையில படகு, பனிக்காலத்தில உறைஞ்ச ஆத்துக்கு மேலால கார். ஐஸ் இறுகிற நாளிலயும் உடையிற நாளிலயும் ஹெலிகொப்டர்தான்.

வடக்கில ஜேம்ஸ் பே எண்ட விரிகுடாக் கரைப்பக்கம் இருக்கிற அட்டவாபிஸ்கட், கஷெச்சுவன் ஊர்ச் சனமும் இஞ்சதான் பிளேனில வரும். பிள்ளைப்பேறுக்கு நாள் கிட்டின பொம்பிளையள், வீட்டில சின்னனுகளை விட்டிட்டு வாரக்கணக்கா முன்னமே வந்து காத்துக்கிடப்பினம். பிரசவ வார்டில அந்தத் தனிமைதான் பெரிய வேலை.

இன்னொண்டு. இந்த ஆஸ்பத்திரி 1950இல திறந்தது, கசநோய்க்காரருக்கு. கிரீ, இனுயிட் எண்ட பூர்வகுடிச் சனத்தைக் குடும்பத்திலயிருந்து பிரிச்சு மாசக்கணக்கா, வருசக்கணக்கா வைச்சிருந்தவை. திரும்பிப் போகாத ஆக்களும் இருக்கினம். அதால ஊசி போடமுதல் ஒரு கிழவி உங்களைக் கனநேரம் பாத்துக்கொண்டிருந்தா, அது முரண்டு இல்லை.

எனக்கு இது விளங்கவே ஆறு மாசம் எடுத்தது. நோவு எங்கை எண்டு கேப்பன், பதில் வரமுதல் அடுத்த கேள்வி. ஒருநாள் மொழிபெயர்ப்புக்கு நிண்ட கிரீ அக்கா சிரிச்சா: "நீயே கேக்கிறாய், நீயே பதிலும் சொல்லுறாய். பிறகு அவ என்னத்துக்கு?" அதுக்குப் பிறகு கேட்டிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கப் பழகினன். தமிழருக்கு லேசில்லை!

ஒரு கிழவர் என்னை "இந்தியனோ?" எண்டார். இல்லை, இலங்கை எண்டன். "பரவாயில்லை, எங்களையும் பிழையாத்தான் அப்பிடிக் கூப்பிட்டவங்கள்" எண்டு சொல்லிக் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சார்.

ஆனா எல்லாரும் முதல்ல கேக்கிறது, "எப்ப திரும்பிப் போறாய்?" எண்டுதான். வாற நேர்ஸ், டொக்டர் எல்லாம் கொஞ்ச நாளில மாறிப் போறதைப் பாத்துப் பாத்துச் சலிச்ச சனம். ஒரு வருசம் காசு சேர்த்துக்கொண்டு ஓடுற எண்ணமெண்டா போகாதேங்கோ. என்னை மூண்டாம் வருசம்தான் கேக்கிறதை விட்டவை.

போறதெண்டா, சேருற திகதியை ஐஸ் இறுகிற நேரத்தில வைக்காதேங்கோ. வசந்தத்தில காட்டு வாத்து வேட்டைக்கு ஊரே காட்டுக்குப் போயிடும், அந்தக் கிழமையளில லீவு கேளாதேங்கோ.