பிப்ரவரியில் ரீயூனியன் தீவுக்குப் போகலாமா?

கேள்வி: நாங்கள் புதுச்சேரியில் வசிக்கிறோம். என் அக்கா குடும்பம் இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவில், சேந்த்-ஆந்த்ரே ஊரில் இருக்கிறது. அக்கா மகளுக்கு வரும் பிப்ரவரியில் கல்யாணம். மூன்று வாரம் தங்கலாம் என்று இருக்கிறோம். என் மனைவிக்கு அப்போது ஏழு மாதம் முடிந்திருக்கும். அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை உண்டு. 2006-ல் சிக்குன்குனியா வந்து மாதக்கணக்கில் விரல் மடக்க முடியாமல் கஷ்டப்பட்டவர். அங்கே சிக்குன்குனியாவும் டெங்குவும் அதிகம் என்கிறார்கள். அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் இருவர் மட்டும் போய் வரலாமா? தடுப்பூசி ஏதாவது உண்டா?

பதில்: அம்மாவை விட்டுவிட்டு மனைவியை அழைத்துப்போவது என்பது, சிக்குன்குனியாவைப் பொறுத்தவரை, நேர்மாறான முடிவு. உங்கள் வீட்டில் அந்த நோய்க்கு மிகக் குறைவாகப் பயப்பட வேண்டியவர் அம்மாதான். ஒருமுறை வந்து குணமானால் பெரும்பாலும் ஆயுளுக்கும் எதிர்ப்பு சக்தி நிற்கும். ஒரு நிபந்தனை உண்டு: 2006-ல் வந்தது சிக்குன்குனியாதானா? அந்த வருடம் காய்ச்சலும் மூட்டுவலியும் வந்த எல்லாருக்கும் பரிசோதனை செய்யாமலேயே அந்தப் பெயர் வைத்துவிட்டார்கள். சிக்குன்குனியா ஐஜிஜி என்ற இரத்தப் பரிசோதனை இருக்கிறது. பழைய தொற்றின் தடயத்தை அது காட்டிவிடும். பாசிட்டிவ் என்றால் அம்மாவுக்கு இந்த ஒரு கவலை தீர்ந்தது. டெங்கு வேறு வைரஸ், அதற்கு இந்த எதிர்ப்பு உதவாது. அதிலும் டெங்குவில் நான்கு வகை உண்டு. முன்பு ஒரு வகை வந்தவருக்கு இன்னொரு வகை வந்தால் நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். ஆகவே அம்மாவும் கொசுக்கடியிலிருந்து தப்பித்துத்தான் ஆக வேண்டும்.

தீவுகளில் இந்த நோய்கள் நடந்துகொள்ளும் விதத்தைத் தெரிந்துகொண்டால் மற்ற முடிவுகள் எளிதாகும். பெரிய நிலப்பரப்பில் நோய் கொஞ்சம் கொஞ்சமாக எப்போதும் புகைந்துகொண்டே இருக்கும். சிறு தீவில் பல வருடம் ஒன்றுமே இருக்காது. யார் உடம்பிலும் எதிர்ப்பு இருக்காது. விமானத்திலோ கப்பலிலோ வைரஸோடு ஒருவர் வந்து இறங்கினால் போதும், சில மாதங்களில் ஊரையே வளைத்துவிடும். கென்யாவின் லாமு தீவில் 2004-ல் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்குச் சிக்குன்குனியா வந்தது. அங்கிருந்து கொமோரோ தீவுகள், பிறகு 2005 மார்ச்சில் ரீயூனியன். பசிபிக்கில் யாப் தீவு 2007-ல் ஜிகா என்ற இன்னொரு கொசு வைரஸிடம் பட்டதும் இதே கதைதான். மூன்று வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 70 பேருக்கு மேல் தொற்று.

ரீயூனியனில் 2005 குளிர்காலத்தில் (அங்கே அது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை) நோய் அடங்கிவிட்டது போலத்தான் இருந்தது. டிசம்பரில் மழை தொடங்கியதும் வெடித்தது. 2006 பிப்ரவரியில் ஒரே வாரத்தில் 40,000 பேருக்கு மேல் புதிதாகப் படுத்தார்கள். எட்டு லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகையில் மொத்தம் சுமார் 2,66,000 பேர். இதற்கு ஒரு காரணம் வைரஸிலேயே நடந்த மாற்றம். சிக்குன்குனியாவை வழக்கமாகப் பரப்புவது ஏடிஸ் எஜிப்டி கொசு. ரீயூனியனில் அது அபூர்வம். அங்கே எங்கும் இருப்பது புலிக்கொசு என்று பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் ஏடிஸ் அல்போபிக்டஸ். வைரஸின் மேலுறைப் புரதத்தில், 226-வது இடத்தில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறியது. அதோடு புலிக்கொசுவுக்குள் அது மிகச் சுலபமாகப் பெருகத் தொடங்கியது. ஒரு எழுத்துப் பிழை போன்ற மாற்றம்தான்; தீவில் மூன்றில் ஒருவரைப் படுக்கவைத்தது.

பிறகு ஏறக்குறைய பதினெட்டு வருடம் பெரிதாக ஒன்றுமில்லை. அதற்குள் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது, வெளியிலிருந்தும் பலர் குடியேறினார்கள். 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கி, 2025-ல் உறுதிசெய்யப்பட்ட நோயாளிகள் மட்டும் 50,000-ஐத் தாண்டினார்கள். பக்கத்திலுள்ள மொரீஷியஸுக்கும் அந்த ஆண்டு பரவியது. அங்கே இறங்கி இரண்டு நாள் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகும் எண்ணம் இருந்தால், இந்தப் பதில் அதற்கும் பொருந்தும்.

இவ்வளவு பெரிய அலைக்குப் பிறகு தீவில் எதிர்ப்பு சக்தி உள்ளவர்கள் பெருகியிருப்பார்கள். உடனே அதே அளவில் இன்னொரு சிக்குன்குனியா அலை வரும் வாய்ப்பு குறைவு. ஆனால் குறைவு என்றால் இல்லை என்று ஆகாது. டெங்குவும் தன் பாட்டுக்கு வந்துபோகும். 2021-ல் ரீயூனியனில் அது பெரிதாகவே பரவியது. நீங்கள் போவது பிப்ரவரி, தீவின் உச்ச மழைக்காலம். புயலும் கொசுவும் ஒன்றாக வரும் மாதம். ஜூலை, ஆகஸ்டில் என்றால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். கிளம்புவதற்கு முந்தைய வாரங்களில் நோய் நிலவரத்தை அக்காவிடம் கேளுங்கள். ரீயூனியன் சுகாதார முகமை பரவல் காலத்தில் அறிக்கைகள் வெளியிடும். பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவர் உங்கள் தெருவிலேயே இருப்பார்.

இனி உங்கள் மனைவி. 2005–06-க்கு முன் சிக்குன்குனியா தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும் என்பதே மருத்துவ உலகுக்குத் தெளிவாகத் தெரியாது. ரீயூனியன் மருத்துவமனைகளில்தான் அது வெளிப்பட்டது. கர்ப்ப காலத்தின் நடுவில் தாய்க்குக் காய்ச்சல் வந்தால் பெரும்பாலும் குழந்தை தப்பிவிடுகிறது. பிரசவ வலி எடுக்கும் சமயத்தில் தாயின் இரத்தத்தில் வைரஸ் இருந்தால் ஏறக்குறைய இரண்டில் ஒரு குழந்தைக்குத் தொற்று ஏற்பட்டது. சிசேரியன் செய்தும் தடுக்க முடியவில்லை. பிறக்கும்போது நன்றாக இருக்கும் குழந்தை சில நாளில் காய்ச்சலோடு பால் குடிக்காமல் சோர்ந்துபோகும். சிலருக்கு மூளை பாதிக்கப்பட்டு, வளர்ச்சியில் குறை நின்றுவிட்டது.

ஏழு மாதம் முடிந்து, அங்கே மூன்று வாரமும் தங்கினால் எட்டாவது மாதம் முடியும் சமயம் வந்துவிடும். காய்ச்சலே பிரசவத்தை முன்கூட்டிக் கிளப்பிவிடலாம். டெங்குவாக இருந்தால் இரத்தப்போக்கு பயமும் சேரும். 28 வாரம் தாண்டினால் பல விமான நிறுவனங்கள் மருத்துவர் கடிதம் கேட்கும். திரும்பும் தேதிக்குள் அவர்கள் வரம்பைத் தாண்டிவிட்டால் ஏற்றமாட்டார்கள். என்னைக் கேட்டால், மனைவி இந்தக் கல்யாணத்துக்குப் போக வேண்டாம். அக்காவுக்கு வருத்தமாகத்தான் இருக்கும். குழந்தையோடு அடுத்த ஆகஸ்டில் போய்ச் சேருங்கள். கட்டாயம் போய்த்தான் தீர வேண்டும் என்றால் ஒரு வாரத்தோடு முடித்துக்கொண்டு, உங்கள் மகப்பேறு மருத்துவரின் சம்மதத்தோடு போங்கள்.

தடுப்பூசியை இந்தப் பயணத்துக்கு நம்ப வேண்டாம். உயிருள்ள, வலுக்குறைத்த வைரஸால் ஆன இக்ஸ்சிக் தடுப்பூசியை 2025 ஏப்ரலில் ரீயூனியனில் முதியவர்களுக்குப் போடத் தொடங்கினார்கள். கடுமையான பக்கவிளைவுகள் வந்ததால் அதே மாதம் 65 வயதுக்கு மேற்பட்டோருக்கு நிறுத்திவிட்டார்கள். அம்மா வயது அதற்குமேல். கர்ப்பிணிகளுக்கும் உயிருள்ள தடுப்பூசியைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். நிலவேம்புக் கஷாயம் குடிப்பவர்கள் குடிக்கட்டும். கொசு அதைக் கேட்டுக்கொண்டு கடிக்காமல் இருக்காது.

மிஞ்சியது கடி வாங்காமல் இருப்பது. புலிக்கொசு இரவில் காதருகே ரீங்காரமிடும் ஜாதி இல்லை. பகலில், அதுவும் காலையிலும் பொழுது சாயும் முன்னும், சத்தமில்லாமல் வந்து கணுக்காலில் கடிக்கும். கறுப்பு உடம்பு, முதுகில் தலையிலிருந்து இறங்கும் ஒற்றை வெள்ளைக் கோடு, காலில் வெள்ளை வளையங்கள். வீட்டுக்குள்ளே ஒளிந்திருப்பதைவிடத் தோட்டத்துச் செடி நிழலில்தான் அதிகம் இருக்கும். அதனால் அறைக்குள் ஏற்றும் கொசுவர்த்தியால் பெரிய பலன் இல்லை. மதியம் தூங்குபவருக்கு வலை உதவும். டீட் என்ற கொசுவிரட்டி மருந்து 20 முதல் 30 சதவீதம் உள்ள களிம்பையோ ஸ்பிரேயையோ பயன்படுத்துங்கள். லேபிளில் சொன்னபடி பூசினால் கர்ப்பிணிகளுக்கும் பாதுகாப்பானது. வெயில் கிரீம் பூசுவதானால் அது முதலில், இது மேலே. வியர்த்தால் மறுபடி பூச வேண்டும். கல்யாணத்தில் புடவை கட்டும் பெண்கள் கையோடு நிறுத்திக்கொள்வார்கள். இடுப்பு, முதுகு, பாதம் எல்லாவற்றுக்கும் பூச வேண்டும். மெல்லிய, உடம்போடு ஒட்டும் துணிக்கு மேலேயே கடிக்கும்.

அக்கா வீட்டில் இறங்கிய அன்றே தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். இந்தக் கொசு நூறு, இருநூறு மீட்டருக்கு மேல் அதிகம் பறக்காது. உங்களைக் கடிப்பது பெரும்பாலும் அந்த வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிறந்ததுதான். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டைத் தூக்கிப் பாருங்கள். தட்டில் நிழல் பட்டதும் நெளிந்து அடிக்கு இறங்கினால் புழு இருக்கிறது. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பக்கச் சுவரில் ஒட்டிக் கறுப்புப் புள்ளிகளாக இருக்கும். காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும், அல்லது தட்டில் ஈர மணலை நிரப்பிவிட வேண்டும். கல்லறைப் பூச்சாடிகளிலும் மணல்தான் போடச் சொல்கிறார்கள். தைப்பூசக் காவடியும் அங்கே இந்த மழைக்காலத்தில்தான் வருகிறது. கல்யாணத்துக்கும் பூஜைக்கும் உடைத்த தேங்காய் மூடி, கலயம், பிளாஸ்டிக் கிண்ணம் எதுவும் தோட்டத்து மூலையில் தங்க வேண்டாம்.

காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும். டெங்கு இல்லை என்று தெரியும்வரை ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் கூடாது. அம்மா இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவராக இருந்தால் தானாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேளுங்கள். இரத்தப் பரிசோதனை காய்ச்சல் வந்த முதல் வாரத்துக்குள் என்றால் வைரஸையே தேடும் பிசிஆர், அதற்குப் பிறகு புதிய தொற்றின் எதிர்ப்பொருளைத் தேடும் ஐஜிஎம். வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் இரத்தம், காய்ச்சல் விட்ட பிறகும் மயக்கம் என்றால் வீட்டில் காத்திருக்கக் கூடாது.

நீங்களும் அம்மாவும் மட்டும் போய்விட்டு வந்தாலும் மனைவியின் கதை முடிந்துவிடாது. புதுச்சேரியில் இரண்டு ஏடிஸும் உண்டு. நீங்கள் வைரஸோடு திரும்பினால், உங்களைக் கடித்த கொசு சில நாள் கழித்து, பிரசவத்தை எதிர்பார்த்திருக்கும் அவரைக் கடிக்கலாம். வந்ததும் இரண்டு வாரம் பகலிலும் களிம்பு பூசுங்கள், முழுக்கைச் சட்டை போடுங்கள். அந்த நாட்களில் காய்ச்சல் எட்டிப் பார்த்தால் உடனே பகலும் வலைக்குள் படுத்துக்கொண்டு, ரீயூனியன் போய்வந்ததை மருத்துவரிடம் முதல் வரியிலேயே சொல்லுங்கள். ஒரு மாதம் இரத்த தானமும் வேண்டாம்.