வாப்பாவின் சீக்கோவுக்கு இனிச் சாமான் வராதா?

கேள்வி: 1980களில் சவூதியில் வேலை செய்த வாப்பா கொண்டுவந்த சீக்கோ ஃபைவ் மணிக்கூடு, அவர் மவுத்தான பிறகு அலுமாரியிலேயே கிடந்தது. எடுத்துச் சாவியைத் திருகிப் பார்த்தேன், ஓடவில்லை. கண்ணாடியும் வெடித்திருக்கிறது. கல்முனையில் காட்டினால், "இந்த மாடலுக்கு இனிச் சாமான் வராது, பெற்றரி மெசின் போட்டுத் தாறன்" என்கிறார்கள். போடலாமா?
- ஒரு வாசகர், சாய்ந்தமருது

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் பின்மூடியைப் பாருங்கள். நான்கு இலக்கம், ஒரு கோடு, மறுபடி நான்கு இலக்கம் இருக்கும். முன்னது மெசினுக்கு, பின்னது வெளிக்கூட்டுக்கு. அந்தக் காலத்து சீக்கோ ஃபைவ் பலவற்றில் முன்னது 7009.

உங்களுடையதும் அதுவென்றால், சாவியைத் திருகிப் பயனில்லை. 7009க்கு அப்படி முறுக்கேற்ற முடியாது. கை அசைய, உள்ளே இருக்கும் அரைவட்டத் தகடு சுழன்றுதான் ஏறும். டயலை மேலே வைத்து ஒரு நிமிடம் பக்கவாட்டில் ஆட்டுங்கள். நொடிமுள் நகர்ந்தால், அநேகமாக எண்ணெய் காய்ந்ததுதான் குறை. கழற்றிக் கழுவி எண்ணெய் விடும்வரை கட்டாதீர்கள், காய்ந்த மெசின் ஓடினால் தேயும்.

ஏதாவது உடைந்திருந்தால்? புதுச் சாமான் கிடைப்பது கஷ்டம், சரி. ஆனால் இதே மெசின் எத்தனையோ மாடல்களில் போனது. ஓடாத இன்னொரு 7009 கிடைத்தால் அதிலிருந்து கழற்றலாம். கொழும்பு புறக்கோட்டைக்கு பஸ் ஏறுமுன் ஊரில் விசாரியுங்கள். வெளிநாடு போய்வந்தவர்கள் வீட்டு லாச்சிகளில் தூங்கும் சீக்கோக்கள் கொஞ்சமல்ல. டயல் கறுத்திருந்தாலும் பரவாயில்லை. இணையத்தில் பளபளவென்று புது டயல் பூசி விற்பதை வாங்காதீர்கள், பூச்சுக்குத்தான் காசு போகும். கண்ணாடிக்குக் கூட்டின் இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள். இல்லையென்றால் விட்டமும் தடிப்பும் அளந்து பொதுவான கண்ணாடி போடலாம்.

பெற்றரி மெசின் மட்டும் வேண்டாம். அதற்குப் பழைய டயல் நேராகப் பொருந்தாது; பின்னால் உள்ள சிறு கால்களை வெட்டி ஒட்டுவார்கள். வெட்டினால் வெட்டினதுதான். எந்தக் கடையில் கொடுத்தாலும் மூடி திறந்ததும் உள்ளே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், கழற்றும் பழைய சாமானையும் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், பின்மூடியில் ஆறு இலக்கத் தொடர் ஒன்றும் உண்டு. முதலாவது ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். 45 என்று தொடங்கினால், வாப்பாவின் காலக்கணக்குக்கு அது 1984 மே மாதம் செய்தது.