கள்ளிமுளையான் வளர்க்கலாமா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

முள்காட்டிலும் பாறை இடுக்கிலும் தானாக வளரும் நம்மூர்ச் செடி கள்ளிமுளையான். தாவரவியல் பெயர் காரலூமா அட்செண்டென்ஸ். வீட்டில் வளர்ப்பது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, மொட்டை மாடியில் நல்ல வெயிலில்தான் வைத்தேன். தண்டெல்லாம் செந்நிறமாகிச் சுருங்கிவிட்டது. பாறையில் வளர்கிற செடிக்கு வெயில் ஆகாதா? (விருதுநகர்)

பாறையில் வளர்கிறது என்பது பாதி உண்மைதான். காட்டில் பார்த்தால் பெரும்பாலும் ஏதாவது ஒரு முள்புதரின் அடியில்தான் இருக்கும். புதர் மதிய வெயிலை மறைக்கும், ஆட்டையும் அண்டவிடாது. உதிர்கிற சருகு கொஞ்சம் ஈரத்தைப் பிடித்து வைக்கும். மாடியில் இது எதுவும் இல்லை. போதாததற்குத் தளத்தின் சூடு தொட்டி வழியாக வேருக்கே போகிறது. காலை வெயில் படுகிற, மதியம் நிழல் விழுகிற இடத்துக்கு மாற்றுங்கள். தொட்டியைத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வையுங்கள். நிறம் மாறியதற்காகப் பயப்பட வேண்டாம், அது வெயிலுக்குச் செடி காட்டுகிற எதிர்ப்பு. சுருங்கிய தண்டு தண்ணீர் கிடைத்ததும் தேறிவிடும். தொட்டால் கொழகொழவென்று இருந்தால் மட்டும் அது அழுகல்.

எங்களுடையது கரிசல் மண். அப்படியே நடலாமா?

வேண்டாம். மழையில் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், கோடையில் வெடித்து வேரை அறுக்கும். முக்கால் அடி உயரத்துக்குக் கல் அடுக்கி மேடை கட்டுங்கள். பாதி செம்மண், மீதிக்குச் சரளையும் உடைந்த ஓட்டுச் சில்லும் கலந்து நிரப்புங்கள். தொழு உரம் ஒரு கைப்பிடிக்கு மேல் போகக் கூடாது. தொட்டி என்றால் அகலமான மண் தொட்டி, ஆழம் குறைவாக. வேர் மேலாகவே பரவுகிற செடிக்கு ஆழத் தொட்டி எதற்கு? அடியில் ஈரம் தேங்குவதுதான் மிச்சம்.

தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை?

கோடையில் பத்து நாளுக்கு ஒரு முறை, மண் முழுக்கக் காய்ந்த பிறகு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஊற்றவே வேண்டாம். தொட்டியைத் தாழ்வாரத்துக்குள் நகர்த்திவிடுங்கள். இந்தச் செடி பகலில் இலைத்துளைகளை (தண்டில் இருப்பவைதான், இலையெல்லாம் பெயருக்கு மட்டுமே) மூடி வைத்து, இரவில் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும். அதனால் ஈரம் வீணாவது மிகக் குறைவு. வாடி இறந்த கள்ளிமுளையானைவிட, அன்பாகத் தண்ணீர் ஊற்றிக் கொன்றதுதான் அதிகம்.

நாற்று எங்கே கிடைக்கும்? மலையடிவாரத்தில் நிறைய இருக்கிறது, பிடுங்கி வரலாமா அண்ணா?

நான் அக்கா தம்பி! காப்புக்காட்டில் எடுப்பது சட்டப்படி குற்றம். எடையைக் குறைக்கும் மாத்திரைக்கு இதன் சாறு விற்க ஆரம்பித்த பிறகு, காட்டிலிருந்து அள்ளுவதும் கூடிவிட்டது. வளர்க்கிறவர் யாரிடமாவது ஒரு தண்டு கேளுங்கள், போதும். நாலைந்து அங்குலம் வெட்டி, வெட்டுவாய் காய்கிற வரை ஐந்து நாள் நிழலில் போடுங்கள். அப்புறம் ஓர் அங்குலம் புதைத்து, ஒரு வாரம் தண்ணீரே காட்டாதீர்கள். ஒரு மாதத்துக்குள் வேர் பிடித்துவிடும்.

துவையல் அரைக்கலாம் என்கிறார்களே?

அரைப்பார்கள். ஆடு மேய்ப்பவர்கள் பச்சையாகவே உப்பைத் தொட்டுத் தின்பதும் உண்டு, பசி தாங்கும் என்பார்கள். ஆனால் செடியைத் தெரிந்த பெரியவர் ஒருவர் பார்த்துச் சொல்லாமல் வாயில் வைக்காதீர்கள். ஒடித்தால் வெள்ளைப் பால் வந்தால் அது வேறு கள்ளி, கண்ணில் பட்டால் ஆபத்து. கள்ளிமுளையானில் தண்ணீர் போன்ற சாறுதான் வரும். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதை மருந்தாக எடுக்க வேண்டாம்.

பூ நாறுமா?

மூக்கை அருகில் கொண்டுபோனால் லேசாக. ஈக்களை வரவழைக்கத்தான் அந்த வாடை.

மஞ்சள், கறுப்பு வரி போட்ட புழுக்கள் தண்டைத் தின்கின்றன. மருந்து அடிக்கலாமா?

உடம்பின் மேல் மூன்று ஜோடிக் கறுப்புக் கொம்பு நீட்டிக்கொண்டிருந்தால், அது வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு. எருக்கும் கள்ளிமுளையானும் ஒரே குடும்பம் என்பதால் இரண்டிலும் முட்டையிடும். செடி பெரிதாக இருந்தால் தின்னட்டும், மறுபடி துளிர்க்கும். சின்னத் தொட்டி என்றால் புழுவைப் பக்கத்து எருக்கஞ்செடிக்கு மாற்றிவிடுங்கள். மாவுப்பூச்சிக்கு மட்டும் தண்ணீரில் கொஞ்சம் வேப்பெண்ணெயும் துளி சோப்புக் கரைசலும் கலந்து, சாயங்காலத்தில் தெளிக்கலாம்.

கொம்பு மாதிரி இரட்டைக் காய் வந்திருக்கிறது. விதை எடுப்பது எப்படி?

வெடிப்பதற்குள் மெல்லிய துணியால் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் பஞ்சோடு பறந்துவிடும். எடுத்த விதையைச் சேர்த்து வைக்காமல் உடனே சரளை மண்ணில் தூவி, மேலே கொஞ்சம் மணல் போடுங்கள். முளைக்கிற வரை மட்டும் லேசான ஈரம் இருக்கட்டும்.