மூக்குக்குக் கோடு இல்லை

கேள்வி: பாம்பனில் இருக்கிறேன். பென்சிலில் முகம் நன்றாக வரைவேன். இப்போது ஆயில் பெயிண்ட் பழக டச்சு ஓவியர் வெர்மீரின் ‘முத்துத் தோடு அணிந்த பெண்’ ஓவியத்தைப் பார்த்து வரைகிறேன். தோல் நிறம் கலந்து கலந்து அலுத்துவிட்டேன். மூக்குக் கோடு மட்டும் அச்சாக வந்திருக்கிறது, முகமோ மண்பொம்மை மாதிரி இருக்கிறது. ‘அடுத்தவர் படத்தைக் காப்பியடிக்கவா இவ்வளவு பாடு’ என்று வீட்டில் கேட்கிறார்கள். விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள், சகோதரி. 1628-இல் ஸ்பெயினின் மத்ரித் போன ரூபன்ஸுக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. ஐரோப்பாவே கொண்டாடிய ஓவியர், அங்கே உட்கார்ந்து தனக்கு முந்தைய இத்தாலிய ஓவியர் டிசியனின் படங்களை நகலெடுத்தார். வீட்டில் இதைச் சொல்லுங்கள்.

சரி, மூக்குக்கு வருவோம். அச்சாக வந்திருக்கிறது என்கிறீர்களே, அந்தக் கோடு அசலில் இல்லை. மூக்குத்தண்டும் அதற்கு அப்பால் உள்ள கன்னமும் ஒரே வெளிச்சத்தில் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. நம் கண்தான் நடுவில் ஒரு விளிம்பைப் போட்டுக்கொள்கிறது. பென்சிலில் பழகிய உங்கள் கை, மூக்கு என்றால் கோடு இருக்கும் என்று நம்பி வரைந்துவிட்டது. தோடும் அப்படித்தான்: மேலே ஒரு வெளிச்சப் பொட்டு, கீழே வெள்ளைக் காலரின் மங்கலான பிரதிபலிப்பு. காதில் மாட்டும் கொக்கியைக்கூட வெர்மீர் வரையவில்லை. இப்படி எதையெல்லாம் வரையாமல் விட்டார் என்று தேடுங்கள். நகலெடுப்பதில் எனக்குப் பெரிய பாடமே அதுதான்.

தோல் நிறத்தைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். ரா அம்பர் என்ற மண்பழுப்பு நிறத்தை டர்பன்டைனில் இளக்கி, அந்த ஒரே நிறத்தில் முகம் முழுவதையும் போடுங்கள். வெளிச்சம் வேண்டிய இடத்தைப் பழந்துணியால் துடைத்து எடுங்கள். எட்ட நின்று, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். நிறமே இல்லாமல் முகம் திரண்டு நின்றால் தேறிவிட்டீர்கள். அது காய்ந்த பிறகு வெள்ளை, எல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சள், ஒரு சிவப்பு, ஐவரி பிளாக் என்ற கறுப்பு என நாலு டியூப் போதும். மேல் அடுக்குகளில்தான் எண்ணெய் கூடுதலாக இருக்க வேண்டும். என் முதல் நகலில் அடியில் லின்சீட் ஆயிலை (ஆளிவிதை எண்ணெய்) தாராளமாக ஊற்றி, மேலே மெலிதாகப் பூசினேன். பிறகு கன்னமெல்லாம் வெடிப்பு.

பின்னணிக்கு வெறும் கறுப்பு வேண்டாம். முதலில் அங்கே பச்சைத் திரை ஒன்று இருந்தது என்பதை அந்த ஓவியம் இருக்கும் மௌரிட்ஸ்ஹுயிஸ் அருங்காட்சியகத்தின் ஆய்வு காட்டியிருக்கிறது. இருட்டில் கொஞ்சம் பச்சை கலந்து பாருங்கள்.

உங்கள் ஊர்க் கடல் ஈரத்தில் காட்டன் கேன்வாஸ் தொய்ந்துபோகும். இரண்டு பக்கமும் பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்த பிளைவுட் நல்லது. அப்புறம், எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து விரித்துக் காயப்போடுங்கள்.

இந்த நகலை முழுசாக முடித்தே தீர வேண்டும் என்றில்லை. முகம் திரண்டதும் அம்மாவை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வடக்குச் சன்னல் ஓரம் உட்காரச் சொல்லுங்கள். வெர்மீரின் வெளிர்நிறக் கலவை அங்கே உதவாது. மாநிறக் கன்னத்தின் மினுமினுப்பில் வானத்தின் நீலம் தெரியும், அதை நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் முதல் நாள் அம்பர் மட்டும்.