குலுக்கல் கேள்விகள்: எண், வரி, தில்லுமுல்லு

லாட்டரி பற்றிக் கேளுங்கள் என்றதும் வந்தவற்றில் பாதி, ‘எந்த எண் விழும்?’ என்பதுதான். அவர்கள் அனைவருக்கும் சேர்த்தே முதல் பதில்.

கோவை வாசகர்: பிறந்தநாள் எண்களைப் போட்டால் வாய்ப்பு கூடுமா, சார்?

கூடாது. 49 எண்களில் ஆறைத் தேர்ந்தெடுக்கும் ஆட்டத்தில் 1,39,83,816 சேர்க்கைகள் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே வாய்ப்புதான். ஆனால் விழுந்தபின் கைக்கு வரும் தொகை உங்கள் தேர்வைப் பொறுத்தது. ஏனெனில் முதல் பரிசை, அதே எண்களைப் போட்ட எல்லோரும் பங்கு பிரித்துக்கொள்ள வேண்டும். 1995 ஜனவரி 14 அன்று பிரிட்டன் தேசிய லாட்டரியில் 7, 17, 23, 32, 38, 42 விழுந்தன. சுமார் 1.6 கோடி பவுண்டுக்கு 133 பேர் வந்து நின்றார்கள். தலைக்கு 1,22,510 பவுண்டு! ஆறு எண்களுமே சீட்டின் நடுப்பத்திகளில் இருந்தவை. கை தானாகப் போகும் இடம் அது. பிறந்தநாள்காரர்களோ 31-ஐத் தாண்டுவதே இல்லை. ஆகவே 31-க்கு மேற்பட்ட, யாரும் சீந்தாத எண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாய்ப்பு கூடாது, பங்காளிகள் குறைவார்கள்.

திருச்சி வாசகர்: எல்லாச் சேர்க்கைகளையும் வாங்கிவிட்டால்?

வாங்கப் பார்த்தவர்கள் உண்டு. 1992-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 44-இல் ஆறு எண் ஆட்டம். மொத்தம் 70,59,052 சேர்க்கைகள், சீட்டு ஒரு டாலர், பரிசு 2.7 கோடி டாலர். ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு குழு கிளம்பி, கடை கடையாக வாங்கியது. நேரம் போதாமல் ஏறத்தாழ 50 லட்சம் சீட்டுகளோடு நின்றுபோனது. ஆனாலும் பரிசு அவர்களுக்கே விழுந்தது. நீங்கள் முயல வேண்டாம். அமெரிக்காவின் இன்றைய பவர்பால் லாட்டரியில் சேர்க்கைகள் 29 கோடிக்கு மேல்.

தென்காசி வாசகர்: கேரள பம்பர் வாங்கலாமா? 25 கோடியும் கிடைக்குமா?

தமிழ்நாட்டில் லாட்டரி விற்பனைக்கு 2003 முதல் தடை. (அண்ணா காலத்தில் ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்று அரசே விற்றது வேறு கதை.) கேரளத்துக்குப் போய்க் கடையில் காகிதச் சீட்டாக வாங்கினால் வெளிமாநிலத்தவருக்கும் பரிசு உண்டு; குலுக்கல் முடிந்து 30 நாளுக்குள் கேட்க வேண்டும். கைப்பேசியில் கேரளச் சீட்டு விற்கிறேன் என்பவரை நம்பாதீர்கள்.

25 கோடி முழுதாக வராது. சீட்டை விற்ற முகவரின் 10 சதவீதம் முதலில் போகும், மிச்சம் 22.5 கோடி. அதில் 30 சதவீதம் வருமான வரிப் பிடித்தம் போக 15.75 கோடி. அதற்கு மேல் கூடுதல் வரியும் செஸ்ஸும் தனியே கட்ட வேண்டும். இதை மறந்து எல்லாவற்றையும் செலவழித்தால் திண்டாட்டம்தான்.

மதுரை வாசகர்: குலுக்கலில் தில்லுமுல்லு நடந்ததுண்டா?

1980 ஏப்ரல் 24, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மூன்று இலக்க ஆட்டம். 4, 6 தவிர மற்ற பந்துகளுக்குள் பெயின்ட் செலுத்திக் கனமாக்கிவிட்டார்கள். விழுந்த எண் 666. தொலைக்காட்சியில் குலுக்கலை அறிவித்தவரே உள்கை. ஒரே மாதிரி எண்களில் பணம் குவிந்ததால்தான் மாட்டிக்கொண்டார்கள்.

புதுச்சேரி வாசகர்: பரிசு தவிர வேறு எதற்குக் குலுக்கல் பயன்பட்டிருக்கிறது?

நம் உத்திரமேரூர்க் குடவோலையே சாட்சி: பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு, ஊர்ச்சபை உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கத் தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை எடுக்கச் சொல்கிறது.

நான் மாணவர்களுக்கு எப்போதும் சொல்வது 1969 டிசம்பர் 1-இன் அமெரிக்கக் குலுக்கலைத்தான். வியட்நாம் போருக்கு எந்தப் பிறந்தநாளில் பிறந்த இளைஞர்களை முதலில் அழைப்பது என்று முடிவு செய்ய 366 தேதிகளைக் குப்பிகளில் அடைத்தார்கள். ஜனவரி முதல் மாதவாரியாகப் பெட்டியில் இட்டார்கள், டிசம்பர் கடைசி. நன்றாகக் கலக்கவில்லை. ஆண்டின் கடைசி மாதங்கள் மேலாகவே தங்கிவிட்டன. 195-ஆவதாக எடுத்த தேதி வரை அழைப்பு போனது. டிசம்பரின் 31 நாட்களில் 26 அதற்குள் அகப்பட்டன. அடுத்த ஆண்டு தேதிகளுக்கு ஓர் உருளை, வரிசை எண்களுக்கு ஓர் உருளை என்று பிரித்தார்கள். ஸ்பெயினின் கிறிஸ்துமஸ் லாட்டரியிலும் சீட்டு எண்ணுக்கும் பரிசுக்கும் தனித்தனி உருளைகள்தான். பள்ளிப் பிள்ளைகள் இரண்டையும் எடுத்துப் பாடுவார்கள்.

யாழ்ப்பாண வாசகி: அமெரிக்க கிரீன் கார்ட் லொத்தரில் தெரிவானதாக மின்னஞ்சல் வந்திருக்கிறது, ஐயா. பணம் கட்டச் சொல்கிறார்கள்.

கட்டாதீர்கள். தெரிவானதை அமெரிக்க அரசு மின்னஞ்சலில் சொல்வதில்லை. விண்ணப்பித்தபோது கிடைத்த உறுதிப்படுத்தல் எண்ணைக் கொண்டு அவர்களுடைய இணையதளத்தில் நீங்களே பாருங்கள். விண்ணப்பிக்கவே இல்லையென்றால் மின்னஞ்சலை அழித்துவிடலாம்.