பீட்டில் ஆயில் பம்ப் கேஸ்கெட்: கேள்வி பதில்

கேள்வி (கோவை, 1973 ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார்): புல்லிக்குக் கீழே ஆயில் சொட்டுகிறது. ஆயில் பம்ப்பின் கேஸ்கெட் (கசிவைத் தடுக்க இடையில் வைக்கும் தாள்) மாற்ற எஞ்சினை இறக்க வேண்டுமா சார்?

இறக்க வேண்டியதில்லை. ஆனால் ஒழுகுவது பம்ப்தானா என்று முதலில் பாருங்கள். இந்த எஞ்சினின் புல்லியில் ரப்பர் சீல் கிடையாது, சுருள் பள்ளம்தான் ஆயிலை உள்ளே திருப்புகிறது. பிரீதர் (எஞ்சினின் உள்காற்றை வெளியே விடும் குழாய்) அடைத்தாலோ பிஸ்டன் ரிங் தேய்ந்தாலோ அந்த வழியாக ஆயில் வந்து பம்ப் மூடிமேல் வழியும். நன்றாகத் துடைத்துவிட்டு, கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். புல்லியைச் சுற்றித் தெறித்திருந்தால் பம்ப் மேல் பழி போடாதீர்கள்.

மூடி விளிம்பிலோ நட்டிலோ கசிந்தால் ஆயிலை வடித்துவிட்டு, புல்லியின் 30 மி.மீ. போல்ட், புல்லி, பின்னாலுள்ள தகடு, அப்புறம் மூடியின் நான்கு நட் என்று கழற்றுங்கள். கேஸ்கெட் இரண்டு: மூடிக்கும் பம்ப்புக்கும் நடுவே ஒன்று, பம்ப்புக்கும் கிராங்க்கேஸுக்கும் (எஞ்சினின் உடல்) நடுவே ஒன்று. மூடியில் மட்டும் கசிவு என்றால் பம்ப்பை அசைக்காதீர்கள். அதையும் எடுக்க வேண்டுமென்றால் புல்லர் (நேராக இழுத்தெடுக்கும் கருவி) வேண்டும். ஸ்குரூடிரைவரால் நெம்பினால் மெக்னீசியக் கேஸில் கீறல் விழும், எத்தனை கேஸ்கெட் போட்டாலும் ஒழுகும்.

மாட்டும்போது சீல் நட்டின் பிளாஸ்டிக் பக்கம் மூடியைப் பார்த்திருக்கட்டும். மூடியைப் பிடிக்கும் ஸ்டட் (கேஸில் நிற்கும் மரைக் கம்பி) 8 மி.மீ. என்றால் 20 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். கியர்களைச் சுற்றி வாசலினோ ஆயிலோ நிரப்பாமல் மூடியைப் போடாதீர்கள். காலியான பம்ப் ஆயிலை உறிஞ்சாது. எஞ்சின் பற்றாமலிருக்க இக்னிஷன் காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஸ்டார்ட்டரை அடியுங்கள். அதற்குப் பிறகுதான் ஸ்டார்ட்.

கேள்வி (கண்டி): கடையில் தடித்த கேஸ்கெட் தாள் இருக்கிறது. வெட்டிப் போட்டால் நன்றாக அடைக்காதா?

மூடிக் கேஸ்கெட்டுக்கு இரண்டு வேலை. கசிவைத் தடுப்பதோடு, கியர் முனைக்கும் மூடிக்கும் உள்ள இடைவெளியையும் அதுதான் முடிவு செய்கிறது. கேஸ்கெட் இல்லாமல் நேர்கோலும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து அளந்தால் அந்த இடைவெளி 0.1 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. தடித்த தாளைப் போட்டால் அந்த வழியாக ஆயில் பின்னுக்கே நழுவும், சூடான எஞ்சின் ஐடிலில் நிற்கும்போது பிரஷர் விழும். மெல்லிய அசல் தாளையே வாங்குங்கள். மூடியின் உட்பக்கம் கியர் தேய்த்துப் பள்ளமாகியிருந்தால் மூடியையும் மாற்றுங்கள்.

கேள்வி (மதுரை): எங்கள் மெக்கானிக் கேஸ்கெட்டே போடுவதில்லை, சிலிக்கான் மட்டும்தான். ஒழுகவில்லையே?

வெளியே ஒழுகாதது மட்டும் போதாது. பிதுங்கிய சிலிக்கானில் பாதி உள்பக்கம்தான் நிற்கும், சூட்டில் பிய்ந்து போகும். இந்த எஞ்சினில் இருப்பது ஒரே ஒரு வலை. அதுவும் பம்ப்புக்கு முன்னால், உறிஞ்சும் பக்கம். பம்ப்புக்குப் பின்னால் ஃபில்டரே இல்லை. பிய்ந்த துண்டு நேராகப் பேரிங் பக்கம் போகும்.

மதுரைக்காரர் மறுபடி: அப்படியானால் கேஸ்கெட்டின் இரு பக்கமும் சிலிக்கான் தடவலாமா?

கூடாது. அதே துண்டு அதே வழியில் போகும், தடிமனும் கூடும். ஸ்டட் மரையில் துளி சீலன்ட் வைக்கலாம், ஏனென்றால் மரை வழியாகவும் ஆயில் வரும். பரப்பு சுத்தமாகவும் தட்டையாகவும் இருந்தால் தாளே போதும். இல்லையென்றால் பரப்பைச் சரி செய்யுங்கள்.

கேள்வி (சேலம்): மெக்கானிக் சொன்ன ஒரு பிராண்டு சிலிக்கான் சூடு தாங்குமாமே?

எந்தப் பிராண்டாக இருந்தாலும் மதுரைக்காரருக்குச் சொன்னதுதான். இத்துடன் சிலிக்கான் கேள்வி போதும்.

கேள்வி (திருச்சி): மூடி மாட்டியாகிவிட்டது. நேராக ஸ்டார்ட் செய்யலாமா?

முதல் பதிலின் கடைசி வரிகளைப் படித்துவிட்டுச் சாவியைத் தொடுங்கள். பம்ப் நிரம்பியிருக்க வேண்டும், விளக்கு அணைந்திருக்க வேண்டும்.

கேள்வி (ஈரோடு): பெரிய பம்ப் கைக்கு வந்திருக்கிறது. மாட்டலாமா?

பம்ப்பைச் சுழற்றும் கேம்ஷாஃப்ட்டின் கியர் தட்டையானதா குழிந்ததா என்று பார்க்காமல் மாட்டாதீர்கள். இரண்டுக்கும் பம்ப் வேறு.

கேள்வி (சென்னை): அம்பாசடரிலும் இதே வேலைதானா?

இல்லை. அதில் பம்ப் சம்ப்புக்குள் (எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) இருக்கிறது, அதன் கேஸ்கெட் போனாலும் வெளியே சொட்டாது. சம்ப் கேஸ்கெட்டையும் பக்கவாட்டு டப்பெட் கவரையும் பாருங்கள். மற்றதை அம்பாசடர் தெரிந்த மெக்கானிக்கிடம் கேளுங்கள்.